ஒரு சிரட்டைப் பாசி

“ஆசானே, பாசி எங்கே கிடைக்குதுன்னு என்னைக்குத்தான் சொல்லுவீங்க?”

வியாகப்பன் இப்படிக் கேட்பது முதல் தடவை அல்ல.

கிறகோரி ஆசான் தேங்காய்ச் சிரட்டையில் மிச்சமிருந்த பச்சைப் பாசியைக் கிள்ளிக் கிள்ளி அலையில் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கடல்ல கிடைக்குது அண்ணாச்சி.”

“கடல் பெரிசில்லையா ஆசானே!”

“ஆமா” என்றார் ஆசான். “பெரிசுதான்.”

சிரட்டையைக் கழுவினார். மூங்கில் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சூம்பிய காலை இழுத்து இழுத்துப் பாறையை விட்டு இறங்கிப் போனார்.

*

ஆசானுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தைந்து.

கரையில் வலை பின்னுகிறவர்களுக்கு இது நல்ல வேடிக்கை. “வியாகப்பன் இப்பத்தான் அரிச்சுவடி படிக்கப் போறாரு” என்பார்கள்.

கிறகோரியின் கால் குழந்தையிலேயே சூம்பிப் போனது. எந்த வள்ளக்காரரும் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. அதனால் அவருக்குத் தூண்டில் போடக் கூன்பாறை கிடைத்தது.

வியாகப்பன் வாலிபத்திலிருந்து வள்ளத்தில் போனவர். ஒருநாள் அலை கவிழ்த்ததில் வள்ளம் அவர் வலது தோளின்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு வலை இழுக்க முடியவில்லை. அதனால் அவரும் கூன்பாறைக்கு வந்து சேர்ந்தார்.

கூன்பாறையின் முனையில் நின்று தூண்டில் போட ஓர் ஆளுக்குத்தான் இடம் உண்டு. அதற்கு நிலை என்று பெயர். அலை அந்த இடத்தில் மோதி, நுரைத்து, இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். நுரைக்கு அடியில் ஓரா மீன்கள் மேயும்.

ஓரா உள்ளங்கை அகலத்தில் கறுத்த மீன். ஆட்டுக்கு இருப்பதுபோல் சின்ன வாய். மேய்வதும் ஆடு மாதிரிதான். இறால், சாளை, புழு, எதைக் கொக்கியில் கோத்துப் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. பாசிதான் வேண்டும். அதிலும் நூல்போல மெல்லிய பச்சைப் பாசி. அதிலும் அன்றைக்குப் பறித்தது.

அந்தப் பாசி விளையும் இடம் கிறகோரி ஆசானுக்கு மட்டும் தெரியும். விடிந்ததும் சிரட்டை நிறையக் கொண்டு வருவார். வியாகப்பனுக்கும் அதிலிருந்து கொடுப்பார்.

மற்றதையெல்லாம் சொல்லித் தந்துவிட்டார். பாசியைக் கொக்கியில் சடைபோல முறுக்கிச் சுற்றி, நுனியில் வால் விடுவது. மிதக்கும் தக்கை பாதி அமுங்கி நிற்கும்படி ஈயக்குண்டு கட்டுவது. பிறகு காத்திருப்பது.

காத்திருப்பதுதான் வியாகப்பனுக்கு வரவில்லை. தக்கை அசைந்த உடனே கம்பை வெடுக்கென்று இழுப்பார். கொக்கி வெறுமையாக வரும்.

“அது இப்பத்தான் மோந்து பாக்குது அண்ணாச்சி.”

“அப்ப எப்ப இழுக்கணும்?”

“அது கொண்டு போகும்போது.”

முதல் ஓராவைப் பிடித்த அன்று, சந்தோஷத்தில் மீனைக் கையால் இறுக்கிப் பிடித்தார். ஓராவின் முதுகு முள்ளில் விஷம். வலி விரலிலிருந்து தோள்வரை ஏறியது. ஆசான் அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய், பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வாங்கி அதில் கையை வைக்கச் சொன்னார்.

“நான் அதை என்ன ஆசானே செஞ்சேன்? இப்படிக் குத்துதே!” என்று முனகினார் வியாகப்பன்.

“பிடிச்சீங்க” என்றார் ஆசான்.

*

அந்தப் பாறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மீன் பிடித்து முடித்ததும் சிரட்டையில் மிஞ்சும் பாசியை, ஒரு நூல் விடாமல், கடலுக்கே போட்டுவிட வேண்டும்.

“நாம கொண்டு வந்ததுல நம்ம பங்கு முடிஞ்சாச்சு” என்பார் ஆசான். “மிச்சம் அதுங்களுக்கு.”

வியாகப்பனும் போடுவார். ஆனால் ஆசான் திரும்பும் நேரம் பார்த்து, ஒரு சிட்டிகையை இடுப்புச் சாரத்தின் மடியில் செருகிக்கொள்வார்.

வீட்டுக்குப் போனதும் மடியை அவிழ்த்துப் பார்ப்பார். பிறகு கரை ஓரமாக நடந்து, ஒவ்வொரு பாறையிலும் உள்ள பாசியோடு ஒப்பிடுவார். எதுவும் ஒத்து வராது. மடியில் உள்ளது மதியத்துக்குள் கறுத்துப்போகும்.

அவருக்கு வேறு வழி இல்லை. மனைவி இறந்த பிறகு மகள் மிக்கேலா வீட்டில்தான் சாப்பாடு. மருமகன் ததேயு வள்ளத்துக்குப் போகிறவன். கெட்டவன் இல்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும் ஒன்று சொல்வான்.

“கடலுக்குப் போயிட்டு வந்தவனுக்கு முதல்ல குழம்பை ஊத்து. கரையில இருக்கிறவங்களுக்கு என்ன அவசரம்?”

மிக்கேலா தலைகுனிந்து ஊற்றுவாள். துண்டு மீன் ததேயுவுக்கும், பிறகு பிள்ளைகளுக்கும் போகும். வியாகப்பனுக்குச் சட்டியின் அடியில் உள்ளது வரும். அவரும் தலைகுனிந்து சாப்பிடுவார்.

ஒரு காலத்தில் அதே வீட்டில் முதல் குழம்பு அவருக்கு ஊற்றப்பட்டது. ததேயு போகும் வள்ளமே அவருடையதுதான். தோள் போன பிறகு மருமகனுக்குக் கொடுத்தார்.

*

“இடுப்பும் இப்ப சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது” என்றார் ஆசான் ஒருநாள். “மாதா திருநாளோட பாறையை விட்டு இறங்கிடலாம்னு இருக்கேன். உள்நாட்டுல அக்கா வீடு இருக்கு.”

வியாகப்பன் ஆசானின் கம்பைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இந்தக் கம்பு? நிலை?”

“கை சரியா இருக்கிறவங்களுக்கு.”

வியாகப்பன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். வலது தோள்தான் ஊனம். கைக்கு ஒன்றும் இல்லை. தக்கையைப் பார்த்துக் காத்திருக்கவும் இப்போது ஓரளவு வந்துவிட்டது. பாசி ஒன்றுதான் பாக்கி.

அன்றைக்கு வீட்டில் குழம்பு கடைசியில் வந்தபோதும் அவர் முகம் வாடவில்லை.

அடுத்த வாரம் பிரகாசி வந்தாள்.

*

பிரகாசி தலைச்சுமையாக மீன் விற்றவள். புருஷன் போன வள்ளம் திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, உடலும் இல்லை. வட்டிக்குப் பணம் வாங்கி மீன் எடுத்து விற்பதில் மிஞ்சுவது வட்டிக்காரனுக்கு மட்டும் என்று கண்டு, கூடையைக் கவிழ்த்துவிட்டாள்.

பாறையின் கீழே நின்று கேட்டாள். “ஆசானே, பொம்பளை ஏறக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?”

“பாறைகிட்டதான் கேக்கணும்” என்றார் ஆசான்.

அவள் பாறையைப் பார்த்தாள். பாறை ஒன்றும் சொல்லவில்லை. ஏறி வந்தாள்.

வியாகப்பனுக்குப் பொறுக்கவில்லை. “காத்து அடிச்சா சேலை பறக்கும்மா. ஊரு பாக்கும்.”

“உம்ம சாரம் பறக்கிறதை ஊரு தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கு அண்ணே. யாரும் செத்துப் போகலையே.”

ஆசான் கடலைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். வியாகப்பன் அவரை இத்தனை காலத்தில் சிரிக்கப் பார்த்ததே இல்லை.

பிரகாசிக்குச் சீக்கிரம் கை வந்தது என்று சொல்ல முடியாது. பாசியைச் சுற்றும்போது அவிழ்ந்து அவிழ்ந்து போகும். அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். முதல் நாள் சின்னதாக ஓர் ஓரா கிடைத்தது. அதைப் பார்த்து, “இதுக்கு அம்மை தேடுவா” என்று திரும்பக் கடலில் விட்டாள்.

கிளம்பும் நேரம் வந்தது. யாரும் சொல்லாமலே சிரட்டையை எடுத்து, மிச்சப் பாசியை அலையில் போட்டாள். பிறகு உட்கார்ந்து, நகத்துக்குள் சிக்கியிருந்ததையும் குடைந்து எடுத்துப் போட்டாள்.

ஆசான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஏனோ வியாகப்பனின் மடியைப் பார்த்தார்.

சில நாள் கழித்து, விடியும் நேரத்தில், ஆசானும் பிரகாசியும் சேர்ந்து பாறைக்கு வந்தார்கள். சிரட்டை பிரகாசியின் கையில் இருந்தது.

*

மறுநாள் வியாகப்பன் அவர்களைப் பின்தொடர்ந்தார்.

கூன்பாறைக்குப் பின்னால், கடல் வற்றும் நேரத்தில் மட்டும் வெளியே தெரியும் ஒரு பள்ளம். அவர் நாள்தோறும் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. பள்ளம் முழுவதும் பச்சை. கன்றுக்குட்டியின் உடம்பு ரோமம் மாதிரி, தண்ணீரில் ஒரே பக்கமாகச் சாய்ந்து அசைந்துகொண்டிருந்தது.

ஆசான் குனிந்து கட்டை விரல் நகத்தால் கிள்ளினார். நுனி மட்டும். ஓர் இடத்தில் கிள்ளியதும் தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் கிள்ளினார். பிரகாசியும் அப்படியே செய்தாள். ஆசான் ஏதோ சொன்னார். அலைச் சத்தத்தில் வியாகப்பனுக்குக் கேட்கவில்லை.

‘இவ்வளவு கிடக்கும்போது இத்தனூண்டு எடுக்கிறாங்களே’ என்று மட்டும் நினைத்தார்.

அவர்கள் பாறைக்கு வரும்முன் வியாகப்பன் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். பிரகாசி தண்ணீர் குடிக்கக் கரைக்குப் போகும்வரை பொறுத்திருந்தார்.

“ஆசானே. எத்தனை வருஷமா உங்க கம்பைச் சுமக்கேன்! நேத்து வந்தவளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லலையே. நான் என்ன குறை வச்சேன்?”

ஆசான் தக்கையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“மடியில என்ன அண்ணாச்சி?”

வியாகப்பனின் கை தானாக மடியை மூடியது.

“ஒண்ணுமில்லை ஆசானே.”

ஆசான் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது வருமா என்று காத்திருப்பதுபோல இருந்தது.

“சரி” என்றார். தக்கையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊரே கோயிலில் இருக்கும்.

பூசைக்கு மணி அடித்தபோது வியாகப்பன் வீட்டு மூலையில் கிடந்த இரும்புத் தகட்டை எடுத்தார். வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கும் தகடு. கூடவே பெரிய மண்பானை ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

பாதி எடுத்தால் போதும் என்றுதான் நினைத்துப் போனார். மிச்சத்தை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் தகடு கையில் வந்ததும் கைக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. வள்ளத்தின் அடியை அரைகுறையாகச் சுரண்டக் கூடாது. ஒரு விரற்கடை விட்டாலும் அதிலிருந்து மறுபடி பற்றிக்கொள்ளும், வள்ளம் ஓடாது. மரம் தெரிகிறவரைக்கும் சுரண்ட வேண்டும். இதை அவரைவிடச் சுத்தமாகச் செய்கிறவர் அந்தக் கரையில் இருந்ததில்லை.

தோள் வலித்தது. நிறுத்தவில்லை. கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பூசை முடிகிறபோது பள்ளத்தில் கல் தெரிந்தது. பானை நிரம்பியிருந்தது. கடல் தண்ணீரை மொண்டு ஊற்றி, தென்னையோலையால் மூடி, வீட்டுக்குப் பின்னால் நிழலில் வைத்தார்.

*

திங்கட்கிழமை ஆசானும் பிரகாசியும் வெறும் சிரட்டையோடு வந்தார்கள்.

“வெறும் கல்லு கிடக்கு ஆசானே, வெறும் கல்லு!” பிரகாசியின் குரல் உடைந்திருந்தது. “அது தகடு போட்டுச் சுரண்டின தடம். வள்ளக்காரன் பொண்டாட்டி நான், எனக்குத் தெரியாதா?”

வியாகப்பன் தொண்டையைச் செருமினார். “பாசி வேணும்னா எங்கிட்ட இருக்கு.”

அவள் அவரைப் பார்த்தாள்.

ஆசானிடம் திரும்பினாள். “நீங்க முதல்லயே இவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருந்தா?”

ஆசான், எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒன்று சொல்லிவிடுகிறவர், வெறும் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரகாசி அந்த வாரமே இறால் உரிக்கிற கம்பெனிக்கு ஆள் சேர்க்க வந்த வேனில் ஏறிப் போனாள். பனிக்கட்டிக்குள் கைவிட்டு நாள் முழுக்க உரிக்க வேண்டிய வேலை. விரல் மரத்துப்போகும் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள்.

*

ஆசான் நிலையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். “நில்லுங்க அண்ணாச்சி” என்றார்.

வியாகப்பன் நின்றார். மேய இடமில்லாமல் பசித்திருந்த ஓராக்கள் பானையில் இருந்த பழைய பாசிக்கும் கூட்டமாக வந்தன. மீன் மோந்து பார்க்கவே இல்லை, தக்கை ஒரேயடியாக அமுங்கியது. கோவை கோவையாக மீன் வீட்டுக்குப் போனது.

“முதல்ல மாமாவுக்கு ஊத்து” என்றான் ததேயு.

மிக்கேலா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே அப்பாவின் தட்டில் துண்டு மீனை வைத்தாள். வியாகப்பன் அந்தச் சோற்றை மெதுவாகச் சாப்பிட்டார்.

அப்படி ஒரு வாரம் போயிருக்கும்.

ஓலையைத் தூக்கியபோது பானையிலிருந்து நாற்றம் அடித்தது. மேலே உள்ளதை ஒதுக்கி, அடியில் கைவிட்டார். பாசி விரலில் ஒட்டாமல் சளிபோல வழிந்தது. கிடைத்த நாலைந்து நூலைக் கொக்கியில் சுற்றிக்கொண்டு போனார். தக்கை அசையவில்லை.

மறுநாளும் அசையவில்லை.

“ஆசானே, மீன் எங்கே போச்சு?”

“கடலுக்கு” என்றார் ஆசான்.

வியாகப்பன் நாள்தோறும் வற்றும் நேரத்தில் பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தார். முளைத்திருக்கும், எங்கேயாவது ஒரு மூலையில் பச்சை தெரியும் என்று குனிந்து தேடினார். முதலில் வெறும் கல் இருந்தது. பிறகு கல்லில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. புள்ளிகள் தடித்தன.

கொட்டலசு. வள்ளத்தின் அடியில் ஒட்டுகிற அதே கூர்மையான சிப்பி. வெறும் இடம் கண்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் வேறொன்றுக்கும் இடம் விடாது. அது அவருக்குத் தெரியாததா!

திரும்பி வரும்போது உள்ளங்கால் கிழிந்து ரத்தம் வந்தது.

வீட்டில் குழம்புச் சட்டி மறுபடி ததேயுவிடம் முதலில் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பதில் ததேயு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது வியாகப்பனுக்கு.

*

மாதா திருநாள் வந்தது. சப்பரம் கடற்கரை வழியாகப் போய்த் திரும்பியது. வெடிச் சத்தம் ஓய்ந்ததும் ஆசான் கூன்பாறைக்கு வந்தார். தோளில் ஒரு துணிப்பை, பயணத்துக்குக் கட்டியது.

கீழே திருநாளுக்கு வந்த கூட்டம் வேடிக்கை பார்க்க நின்றது. ததேயுவும் மிக்கேலாவும் முன்னால் நின்றார்கள்.

வியாகப்பன் பாறையின் ஓரத்தில், காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திருங்க அண்ணாச்சி.”

எழுந்தார். ஆசான் மூங்கில் கம்பை அவர் கையில் கொடுத்தார். தக்கையைக் கொடுத்தார். கொக்கிகள் குத்தி வைத்திருந்த கட்டையைக் கொடுத்தார். கடைசியில் சிரட்டையைக் கொடுத்தார்.

சிரட்டையைக் கழுவித் துடைத்திருந்தார்.

“எனக்கா ஆசானே?”

“நீங்க கேட்டதுதானே?”

கீழே யாரோ கைதட்டினார்கள். “வியாகப்பன் ஆசான்!” என்று ஒருவன் கத்தினான். ததேயுவின் குரல்போல இருந்தது.

வியாகப்பன் ஆசானை நெருங்கினார். “ஆசானே, நான் உங்ககிட்ட ஒண்ணு...”

கிறகோரி கையை உயர்த்தி நிறுத்தினார். பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். புறப்படத் திரும்பியவர், ஏதோ மறந்ததுபோல நின்றார்.

“மடியில என்ன அண்ணாச்சி?”

வியாகப்பன் கம்பைக் கீழே வைத்தார். சிரட்டையைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் மடியை அவிழ்த்து, உதறிக் காட்டினார்.

“ஒண்ணுமில்லை ஆசானே.”

“சரி” என்றார் கிறகோரி.